சேவலின் வலது கன்னம்

எங்கள் கெல்டர்பி கிராமத்துச் சர்ச் கோபுரத்தின் உச்சியில், காற்றின் திசை காட்டும் செப்புச் சேவல் பொய் சொல்லும். ஆனால் எப்போதும் ஒரே மாதிரியான பொய்யைத்தான் சொல்லும், அதனால் அதை நம்பலாம். மனிதர்களிடம் இந்தக் குணம் கிடையாது. போனில் வானிலை சொல்பவர்களிடம் சுத்தமாகக் கிடையாது.

என் அப்பா அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்தில் அடித்த ஒரு புயலில் சேவலின் வாலும், அதற்குக் கீழே திசை காட்டிக்கொண்டிருந்த நான்கு எழுத்துகளும் பிய்த்துக்கொண்டு போயின. எழுத்துகள் எங்கே விழுந்தன என்று இன்றுவரை தெரியாது. வாலை ஊர்க் கொல்லர் ரெல்ஃப் புதிதாக அடித்துப் பொருத்தினார். ஏணி ஏறுமுன் தைரியத்துக்காக மூன்று குவளை பீர் குடித்தார் என்று அவர் குடும்பம் சொல்லும். ஏழு என்று எங்கள் குடும்பம் சொல்லும். எப்படியோ, வால் கால் வட்டம் திரும்பி மாட்டிக்கொண்டது. அன்று முதல் எங்கள் சேவல் காற்றை நேருக்கு நேர் பார்ப்பதே இல்லை. காற்று எப்போதும் அதன் வலது கன்னத்தில்தான் வந்து அறையும். அலகு வடக்கே பார்த்தால் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. அலகு மேற்கே பார்த்தால் வடக்கிலிருந்து. எழுபது வருஷமாக இந்த ஊர் அப்படித்தான் பட்டம் விட்டது, குப்பை கொளுத்தியது, வைக்கோல் போர் போட்டது. ஒரு குறையும் இல்லை.

போன் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். போன் பதினைந்து மைல் தள்ளியிருக்கும் சந்தை ஊருக்குத்தான் காற்று சொல்கிறது. எங்களுக்கு என்று தனியாக ஒரு காற்று உண்டு, பெயர் ஹெல்ம். கிழக்கே மலைமேல் வெள்ளைத் தொப்பியாக மேகம் வந்து உட்கார்ந்தால் ஹெல்ம் புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம். சரிவில் உருண்டு வந்து மூன்று நாள் ஊரை உலுக்கும். ஊர்க்கோடியில் இருக்கும் கல் பாலத்தோடு நின்றுவிடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் மெழுகுவத்தி ஏற்றினால் அணையாது. அந்த மூன்று நாளும் போன் "இளங்காற்று" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஒருமுறை நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே என் கோழிக்கூண்டு என்னைத் தாண்டிப் போனது. அன்றோடு எனக்கும் போனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

என் பெயர் ஐசக் வார்ட்டி. வயது ஐம்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்கு மேற்கே, மரத்தோப்புக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் என் பண்ணை இருக்கிறது. எண்பது கறவை மாடுகள். பள்ளத்தில் காற்று கண்டபடி சுற்றும், முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தோப்புக்கு மேலே தலை நீட்டும் கோபுரச் சேவலைப் பார்த்துத்தான் நான் எதையும் செய்வேன்.

சர்ச்சுக்கு எதிரே பூட்டிக் கிடந்த பழைய பள்ளிக்கூடத்தை வாங்கி டீக்கடை போட்டவர் ஃப்ரீடா ஆஷ்வொர்த். கடற்கரைப் பக்கத்துக்காரர். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் பார்த்தவர். கணவர் இறந்த பிறகு நாலு வருஷத்துக்கு முன்பு இங்கே வந்தார். அவர் கடையில் மேஜைவிரிப்பும் பூப்போட்ட கோப்பையும் இருக்கும், ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியில் டாம்சன் பழ ஜாம் தாராளமாக இருக்கும். வெயில் நாளில் ஆறு மேஜைகளைத் தோட்டத்தில் போடுவார். எந்தப் பக்கம் போடுவது என்பது காற்றைப் பொறுத்தது. அங்கேதான் நான் தேவைப்பட்டேன். பால் கறந்து முடித்து, காலை எட்டு மணிக்கு அவர் கதவைத் தட்டுவேன்.

"இன்னிக்குக் கிழக்கு. மேஜையச் சுவரோரமாப் போடுங்க."

"சேவல் வடக்க இல்ல பாக்குது, மிஸ்டர் வார்ட்டி?"

"அது அப்படித்தான் பாக்கும். நீங்க அதோட வலது கன்னத்தப் பாருங்க."

"வலதுன்னா என் வலதா, அதோட வலதா?"

"சேவலோட வலதும்மா."

"சேவல் என்னையே பாத்துக்கிட்டிருந்தா?"

"அப்பவும் அதோட வலதுதான்!"

"சரி விடுங்க, டீ ஆறுது."

நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அவருக்கு அது பிடிபடவில்லை. நானும் டீயை உறிஞ்சிக்கொண்டே, "பாழாப்போன சேவல். யாராவது ஏறி அதோட வாலத் திருப்பி விட்டா ஊருக்கே புண்ணியமாப் போகும்" என்று தினமும் புலம்புவேன். எங்கள் பக்கம் புலம்புவது கோரிக்கை அல்ல. காலை வணக்கம் மாதிரி அது ஒரு மரியாதை. மழையைப் பற்றிப் புலம்புவோம், ஆனால் யாராவது மழையை நிறுத்தினால் அவரைச் சும்மா விடமாட்டோம். ஃப்ரீடா வெளியூர்க்காரர், அவருக்கு இது தெரியாது.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, டீயோடு ஒரு செய்தியும் வந்தது.

"பதினாலாம் தேதி, அறுப்பின் பண்டிகை டீ விருந்துக்கு ஒரு அம்மா வர்றாங்க. சுற்றுலா பஸ் கம்பெனிக்காரங்க. கடை பிடிச்சிருந்தா வசந்த காலத்துலேருந்து வாரத்துக்கு மூணு பஸ் இங்க நிக்கும்."

"பிடிக்கலேன்னா?"

"கடையச் சாத்திட்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான். இன்னொரு குளிர்காலம் ரெண்டே பேருக்கு டீ போட்டுக்கிட்டு உக்காந்திருக்க முடியாது. அதுலயும் ஒருத்தர் காசே குடுக்கறதில்ல."

அந்த ஒருத்தர் நான்தான். ஆனால் அது என் காதில் ஏறவில்லை. அவர் போய்விட்டால் காலை எட்டு மணியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. "போகாதீங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய், "அன்னிக்கு என் பண்ணையிலேருந்து ஒரு துளி நாத்தம் இந்தப் பக்கம் வராது. அது என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டது.

"அது போதும் மிஸ்டர் வார்ட்டி" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதன் ஒரு பெண்ணிடம் கொடுத்த வாக்கு, சாணி நாற்றம் வராது என்பது! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

வாக்குக் கொடுத்த மறுநாள் மழை பிடித்தது. இரண்டு வாரம் விடவில்லை. என் மாடுகளின் சாணிக் கரைசலெல்லாம் ஒரு பெரிய தொட்டியில் சேரும். அதை டாங்கரில் எடுத்து வயலில் தெளிக்க வேண்டும். சட்டப்படி அக்டோபர் பதினைந்திலிருந்து ஜனவரி பாதிவரை தெளிக்கக் கூடாது. மழையில் தெளிக்க டிராக்டரும் இறங்காது. தொட்டி விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. அந்த இரண்டு வாரத்தில் காய்ந்த நாள் என்று வானம் கொடுத்தது ஒரே ஒரு நாள்தான். சனிக்கிழமை, பதினாலாம் தேதி.

பக்கத்துப் பண்ணைக்காரன் ஜாஸ் ரெல்ஃபிடம் யோசனை கேட்டேன். சேவலுக்கு வால் மாட்டிய அந்தக் கொல்லரின் பேரன்தான். என்னோடு படித்தவன்.

"மாடுங்களக் கூப்பிட்டு உக்கார வச்சு, ஜனவரி வரைக்கும் அடக்கிக்கோங்கன்னு சொல்லிப் பாருடா" என்றான்.

"விளையாடாதடா. விருந்து அன்னிக்கு அந்தப் பக்கம் நாத்தம் போச்சுன்னா அந்தம்மா கடையே போச்சு."

"கடை போனா உனக்கென்ன? ஓசி டீ போயிடும்னு பயமா?" என்று கண்ணடித்தான். பிறகு ஒரு நல்ல வார்த்தையும் சொன்னான்: "வடக்குக் காத்தா இருந்தாத் தெளி. நாத்தமெல்லாம் தெற்கால ஆத்தங்கரைக்குப் போயிடும், அங்க வாத்துதான் இருக்கு. மேற்குன்னா தொடாத. நேரா ஊருக்குள்ள போகும்."

வியாழக்கிழமை சந்தை ஊரில் கிடா விற்பனை. அன்று கெல்டர்பியில் நடக்க முடிந்த எல்லாரும் அங்கே போய்விடுவோம். கிடா வாங்காதவர்களும் வாங்குகிறவர்களைக் குறை சொல்லப் போவார்கள். ஊரில் மிச்சம் இருந்தது ஃப்ரீடாவும், பாதிரியார் பென்ரோஸும், சர்ச்சுப் பூனையும்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை முழுக்க மூடுபனி, கோபுரமே தெரியவில்லை. அன்று காலை டீ கொடுக்கும்போது ஃப்ரீடா ஒரு மாதிரி உற்சாகமாக இருந்தார்.

"நாளைக்குக் காலைல வராதீங்க, வேலை தலைக்கு மேல கிடக்கு. மூணு மணிக்கு டை கட்டிக்கிட்டு வாங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

"உங்களுக்கு" என்று அவர் சொன்னதை அன்று முழுக்க மாடுகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பனி விலகியது. முற்றத்தில் நின்று தோப்புக்கு மேலே பார்த்தேன். சேவலின் அலகு கச்சிதமாக மேற்கே நின்றது. மேற்கே பார்த்தால் வலது கன்னம் வடக்கே. வடக்குக் காற்று! மெல்லிய, அழகான, வாத்துகளுக்கென்றே அனுப்பிய வடக்குக் காற்று. சந்தேகத்துக்குப் போனையும் பார்த்தேன். "மேற்குக் காற்று, மிதமாக" என்றது. வாய்விட்டுச் சிரித்தேன். போனே மேற்கு என்று சொல்லிவிட்டால் வடக்கு உறுதி.

மத்தியானத்திலிருந்து இரண்டரை வரை ஒன்பது டாங்கர் தெளித்தேன். டிராக்டர் கூண்டை மூடிக்கொண்டு பாட்டுக்கூடப் பாடினேன். எண்பது மாடுகளோடு வாழ்கிறவனின் மூக்கு என்றைக்கோ ஓய்வு வாங்கிவிட்டது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. பிறகு இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து, முகம் மழித்து, அப்பாவின் பச்சை டையைக் கட்டிக்கொண்டு, மூன்று மணிக்குக் கடைத் தோட்டத்துக்குள் நுழைந்தேன்.

ஊரே இருந்தது, ஆனால் பாதிப் பேர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்கோன்கள் யாரும் தொடாமல் அடுக்கியபடி இருந்தன. ஊர்க் கவுன்சில் தலைவி திருமதி டீஸ்டேல், பரிசுப் போட்டிக்காகக் கொண்டுவந்த பூசணிக்காயின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். நீலக் கோட்டு போட்ட ஓர் அம்மா, பஸ் கம்பெனிக்காரர், கண்ணில் நீர் வழிய ஒரு கோப்பை டீயை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி நின்றார்.

"ஐசக்!" என்று ஜாஸ் கத்தினான். விரலை நாக்கில் நனைத்து மேலே தூக்கிப் பிடித்தான். "மேற்குடா! மேற்குக் காத்துல தெளிச்சிருக்கியேடா பாவி!"

"வடக்குடா! சேவலப் பாருடா!"

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். அலகு மேற்கே இருந்தது. கோபுரத்துக்குக் கீழே கட்டிய கொடியையும் பார்த்தோம். பண்டிகைக்கு ஏற்றிய கொடி கிழக்கே பறந்தது. காற்று சேவலின் மூக்குக்கு நேராக, எழுபது வருஷத்தில் முதல் முறையாக நேராக அடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது.

"யாருய்யா அதத் தொட்டது?" என்று கத்தினேன். "எழுவது வருஷமா ஒழுங்காப் பொய் சொல்லிக்கிட்டிருந்த சேவல்! எந்த மடையன் அதுல கை வச்சான்? கை இருந்தாப் போதுமா, தலையில ஏதாவது இருக்க வேண்டாமா? கேட்டுச் செய்யத் தெரியாதா? அவன் மட்டும் என் கையில கெடைச்சான்..."

பாதிரியார் பென்ரோஸ் மெதுவாக இருமினார். அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. "வந்து... மூணேகாலுக்கு நான் அறிவிக்கிறதா இருந்தது..." என்றார்.

"நான்தான், மிஸ்டர் வார்ட்டி."

கையில் டீக் கெட்டிலோடு ஃப்ரீடா வாசற்படியில் நின்றார். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"வியாழக்கிழமை ஆள் வச்சுத் திருப்பினேன். நாலு வருஷமா தினமும் என் மேஜையில உக்காந்து, யாராவது திருப்பினாப் புண்ணியமாப் போகும்னு சொன்னீங்க. நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன். ஊருக்குப் பரிசுன்னுதான் பாதிரியார்கிட்ட சொன்னேன். ஊருக்கு மட்டும் இல்ல."

கெட்டிலைக் கீழே வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நீலக் கோட்டு அம்மா டீயை அப்படியே வைத்துவிட்டுக் காருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். அவர் ஜன்னலை ஏற்றிய சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டது.

அப்போது நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல வேண்டுமா? என் தொட்டியிலேயே குதித்திருக்கலாம். ஆனால் அதைத்தான் அன்று காலி செய்திருந்தேன்.

அடுத்த மூன்று நாள் ஊர் தலைகீழாயிற்று. ஜாஸ் இலைச்சருகைக் கொளுத்தினான். புகை வழக்கமாகப் போகும் வயலுக்குப் போகாமல் ஞாயிறு ஆராதனைக்குள் போயிற்று, பாதிரியார் பாதிப் பிரசங்கத்தில் கண்ணைக் கசக்க, ஜனங்கள் அவர் உருகிவிட்டார் என்று நினைத்தார்கள். திருமதி டீஸ்டேல் காற்றுக்கு மறைவு என்று நினைத்து வைத்த, நாற்று வளர்க்கும் கண்ணாடித் தொட்டி காற்றுக்கு எதிரே நின்று நொறுங்கியது. எல்லாரும் சரியான சேவலைப் பார்த்து, பழைய வழக்கப்படி கால் வட்டம் திருத்திக்கொண்டு, தவறாகவே நடந்துகொண்டிருந்தோம். செவ்வாய் மாலை ஆறு மணிக்கு ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வாலைப் பழையபடி கோணலாக வைக்க வேண்டும் என்பது தீர்மானம். கொண்டுவந்தவன் ஜாஸ்.

நான் அந்த மூன்று நாளும் காலை எட்டு மணிக்கு ஃப்ரீடாவின் கதவுவரை போனேன். "மூடப்பட்டுள்ளது" என்று அட்டை தொங்கியது. அட்டைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. தட்டக் கையைத் தூக்குவேன், இறக்கிவிடுவேன். என்ன சொல்லித் தட்டுவது? மன்னிப்புக் கேட்டு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை. காற்றுச் சேதி சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை, சேவல்தான் நேராக நிற்கிறதே, அவரே பார்த்துக்கொள்வார். மூன்றாம் நாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான், சனிக்கிழமை எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பது உறைத்தது. அந்தக் கோபத்துக்கும் சாணிக்கும் சம்பந்தமே இல்லை.

கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தோம். ஃப்ரீடா கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க தாத்தா கைவேலை அது" என்று ஆரம்பித்தான் ஜாஸ். "கோணலோ மாணலோ, ஊர் அதுக்குப் பழகிடுச்சு. பொண்டாட்டி மாதிரி."

"வாய அடக்கு ஜாஸ்" என்றார் திருமதி டீஸ்டேல். "என் கண்ணாடித் தொட்டிக்காக நானும் தீர்மானத்த ஆதரிக்கிறேன். வேற யாராவது பேசணுமா?"

ஃப்ரீடா எழுந்தார். "திருப்பறதுக்கு ஆகற செலவு என்னுது. அதே ஆளுக்குச் சொல்லிட்டேன். மாசக் கடைசியில நான் ஊருக்குப் போறேன், அதுக்குள்ள முடிச்சுக் குடுத்திடுவார். உங்களுக்கெல்லாம் சிரமம் குடுத்ததுக்கு மன்னிச்சுக்கோங்க."

உட்கார்ந்துவிட்டார். மண்டபத்தில் எல்லாரும் தங்கள் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண், எங்களுக்கு நல்லது செய்ததற்காக எங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு முடியவில்லை. எப்போது எழுந்தேன் என்று தெரியாது. தொப்பியைக் கையில் வைத்துப் பிழிந்துகொண்டு நின்றிருந்தேன்.

"சேவல் சரியா இருக்கு" என்றேன். "காத்தும் சரியாத்தான் அடிச்சுது. கேடுகெட்ட போன்கூட அன்னிக்குச் சரியாச் சொல்லிச்சு. அன்னிக்குத் தப்பு நான் ஒருத்தன்தான்."

வார்ட்டி குடும்பத்தில் ஒருவன் இந்த வார்த்தையைச் சொல்லி இந்த மண்டபம் கேட்டதில்லை. பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றேன். காது எரிந்தது. "நான் தினமும் காலைல போறது காத்து சொல்லத்தான்னு எல்லாரும் நினைச்சிருப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். எட்டு மேஜையப் போடறதுக்கு ஒருத்தன் நாலு வருஷமா..."

"ஆறு மேஜை" என்றார் ஃப்ரீடா, கடைசி வரிசையிலிருந்து.

"ஆறு மேஜை. அந்தச் சேவல் கோணலா இருந்த வரைக்கும் அந்தக் கதவத் தட்ட எனக்கு ஒரு சாக்கு இருந்துச்சு. நேரா வச்சுட்டாங்க. இப்ப எதச் சொல்லித் தட்டறதுன்னு தெரியல. அதுக்குத்தான் அன்னிக்கு அந்தக் கத்து கத்தினேன். வேற ஒண்ணுமில்ல. சேவல அப்படியே விடுங்க. அவ்வளவுதான்."

ஃப்ரீடா எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போய்விட்டார்.

"அடப்பாவி" என்றான் ஜாஸ் மெதுவாக. வாக்கெடுப்பில் அவனே தன் தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்கினான். "எங்க தாத்தா ஏழு குவளை குடிச்சது உண்மைதான்" என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டான். சேவல் நேராகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. எனக்கு அது ஜெயித்த மாதிரித் தெரியவில்லை. வெளியே போன ஃப்ரீடாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை கொட்டு கொட்டென்று மழை. எட்டு மணிக்கு அவர் கதவின் முன் நின்றேன். சொல்வதற்கு ஒரு சேதியும் இல்லை, கையில் ஒரு சாமானும் இல்லை. அட்டை இன்னும் தொங்கியது. தட்டினேன். கதவு திறந்தது.

"வாங்க" என்றார். அவ்வளவுதான்.

டீ வைத்தார். எதிரே உட்கார்ந்தார். நாலு வருஷமாகக் காற்றைத் தவிர வேறெதுவும் பேசாதவர்கள் நாங்கள். இரண்டு பேரும் டீயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்த பஸ் அம்மா எழுதினாங்களா?" என்று கடைசியில் கேட்டேன்.

"எழுதினாங்க. ஒரே வரி. பஸ் வராதுன்னு."

"அப்ப..."

"வராட்டாப் போகுது. இந்த ஊர்ல நூறு பேர் இருக்கீங்க. ஒருத்தராவது வந்து காசு குடுத்து ஒரு ஸ்கோன் தின்னா வாய் வெந்தா போயிடும்?"

நான் அவசரமாகப் பையைத் துழாவி ஐந்து பவுண்டு நோட்டை மேஜையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு ஸ்கோனைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். ஒன்றைக் கடித்தேன், இறங்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் எதுவும் இறங்காது.

"எப்பக் கிளம்பறீங்க?"

அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார்.

"பொட்டி கட்டணும். அதுக்குத் துணியெல்லாம் துவைச்சுக் கொடியில போட்டிருக்கேன். அது காஞ்சாத்தானே?"

நானும் போய்ப் பார்த்தேன். தோட்டத்தில் நீளக் கொடி கட்டி, கோடைக்காலத்து உடுப்பெல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் நுனியிலிருந்தும் தண்ணீர் குழாய் மாதிரிக் கொட்டியது. அக்டோபரில் கெல்டர்பியில் துணி காய்ந்ததாகச் சரித்திரமே இல்லை. ஏப்ரல் வரைக்கும் காயாது.

"எடுத்து உள்ள போடட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார் ஃப்ரீடா. "மெதுவாக் காயட்டும்."